திருமணமும் குடிவரவுச் சட்டமும்: ஆதர் மில்லரின் நாடகமொன்றை முன்வைத்து

1

ஆதர் மில்லரின் 'பாலத்திலிருந்து ஒரு பார்வை' என்னும் நாடகம் 1955 ஆம் ஆண்டு நியூயோர்க்கில் ஓரங்க நாடகமாக முதன்முதலில் மேடையேறியது. மறு ஆண்டு அது ஈரங்க நாடகமாகத் திருத்தியமைக்கப்பட்டு, பீற்றர் புறூக்கின் நெறியாள்கையில் இலண்டனில் அரங்கேறியது. இன்று பரவலாகப் படிக்கப்படுவதும் நடிக்கப்படுவதும் இப்பிந்திய வடிவமே. இந்நாடகத்தை விமர்சித்தோர் பெரும்பாலும் இரு நிலைகளில் நின்று அதனை நோக்கியுள்ளனர். வளர்ப்பு மகள்மீது ஒருவன் கொண்ட, தானே ஏற்க மறுத்த ஆசையின் கதையாக அதனைக் காண்பது ஒன்று. உறவினரைக் காட்டிக்கொடுத்த ஒருவனின் அற வீழ்ச்சியாக அதனைக் காண்பது மற்றொன்று. இவ்விரு நோக்குகளுக்கும் நாடகத்தில் ஆதாரம் உண்டு. ஆயின், அந்த ஆசையும் துரோகமும் எத்தகைய சமூக நிலைமையிற் செயற்படுகின்றன என்ற வினா இரண்டிலுமே பின்தள்ளப்பட்டுவிடுகின்றது. ஆவணமற்ற ஒரு தொழிலாளிக்குச் சட்டபூர்வமாக வாழ்வதற்கு எஞ்சியிருக்கும் வாயில் திருமணமே என்பதுதான் அந்நிலைமை.

இக்கட்டுரை அவ்வாயிலைப் பற்றியது. ஒரு பிரசை ஆவணமற்ற தன் கணவனுக்கோ மனைவிக்கோ வதிவுரிமை தேடும்போது, பொருளியல் நலன் கலவாத காதலைச் சட்டம் சான்றாகக் கேட்கின்றது. சொத்துடையோரின் திருமணங்களில் அத்தகைய காதலை அது ஒருபோதும் கேட்டதில்லை. மில்லரின் நாடகம் இம்முரண்பாட்டை எவ்வளவு தூரம் வெளிப்படுத்துகின்றது, எவ்விடத்தில் அதனைக் கைவிடுகின்றது என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

2

நாடகத்தின் களம் புறூக்லினைச் சேர்ந்த றெட் ஹூக் என்னும் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பு. எடி கார்போன் கப்பல்களிற் சரக்கு இறக்கும் தொழிலாளி. அவனும் மனைவி பியற்றிசும், பியற்றிசின் இறந்துபோன சகோதரியின் மகளான கதரினை வளர்த்து வருகின்றனர். பியற்றிசின் உறவினரான மார்க்கோ, ரொடோல்போ என்னும் சகோதரர் இருவர் சிசிலியிலிருந்து கப்பற் பணியாளருக்குரிய பத்திரங்களுடன் வந்திறங்கி, எடியின் வீட்டில் மறைந்து வாழ்ந்து துறைமுகத்தில் வேலை செய்கின்றனர். மார்க்கோ மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் ஊரில் விட்டு வந்தவன். மூத்த பிள்ளை நோயாளி. ரொடோல்போ மணமாகாதவன். அவனும் கதரினும் காதல் கொள்கின்றனர். இதைத் தடுக்க வேறு வழியின்றி எடி குடிவரவு அதிகாரிகளுக்குத் தொலைபேசியிற் செய்தி கொடுக்கிறான். சகோதரர் இருவரும் கைதாகின்றனர். கதரினை மணப்பதன் மூலம் ரொடோல்போ தங்கிவிடலாம், மார்க்கோ நாடுகடத்தப்படுவான். பிணையில் வெளிவந்த மார்க்கோவுடன் நிகழும் மோதலில், தான் உருவிய கத்திக்கே எடி இரையாகிறான்.

துறைமுகத் தொழிலாளர் ஆவணமற்றோரை 'நீர்மூழ்கிகள்' என்று குறிப்பதை நாடகத்திற் காண்கிறோம். 'கள்ளத்தோணி' என்ற சொல்லை நன்கறிந்த நமக்கு இவ்வழக்கு புதிதன்று. இரு சொற்களும் மனிதனுக்கு ஒரு கலத்தின் பெயரைச் சூட்டுகின்றன. எனினும் ஒரு வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. 'நீர்மூழ்கி' மறைத்து வைத்திருப்போரிடையே வழங்கும் சொல். 'கள்ளத்தோணி' துரத்துவோரின் வாயிற் பிறந்த சொல். றெட் ஹூக் மக்கள் தம் சட்டத்தை அரசின் சட்டத்தினின்றும் வேறாக வைத்திருந்தனர் என்பதற்கு முதற்சொல்லே சான்று.

நாடகம் மற்றொரு செய்தியையும் போகிற போக்கிற் கூறிவிடுகின்றது. இவர்களைக் கடத்தி வந்தவர்களுக்குச் செலுத்தவேண்டிய கடன் தீரும்வரை இவர்களுக்குத் துறைமுகத்தில் வேலைக்குக் குறைவிராது. கடன் தீர்ந்தபின் மற்றவர்களைப்போல் இவர்களும் வேலைக்கு முண்டியடிக்க வேண்டியதுதான். ஆவணமின்மை என்பது வெறும் சட்டக் குறைபாடன்று. அது மலிவான, வாய்திறக்க இயலாத உழைப்பைத் தோற்றுவிக்கும் ஓர் உற்பத்தி உறவு என்பதை இவ்விரு வரிச் செய்தி உணர்த்துகின்றது.

3

இந்நிலைமை உருவான வரலாற்றைச் சுருக்கமாக நோக்குதல் அவசியம். 1901 முதல் 1910 வரையான பத்தாண்டில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர் ஐக்கிய அமெரிக்காவுக்குட் புகுந்தனர். சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் கட்டட வேலைக்கும் அவர்கள் தேவைப்பட்டனர். 1924 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் நாடு வாரியாக ஒதுக்கீடு விதித்து, இத்தாலிக்கு ஆண்டொன்றுக்கு 3,845 இடங்களையே அளித்தது. பிற்காலத் திருத்தங்கள் இத்தொகையைச் சற்று உயர்த்தினும் அது ஆறாயிரத்தை எட்டவில்லை. இலட்சக் கணக்கானோர் வந்த வழி சில ஆயிரம் பேருக்குரியதாகச் சுருங்கியபோது, கப்பற் பணியாளர் பத்திரமும் திருமணமும் மாற்று வழிகளாயின.

திருமணமென்னும் வழியும் இரு பாலாருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. 1907 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி அந்நியனை மணந்த அமெரிக்கப் பெண் தன் பிரசாவுரிமையையே இழந்தாள். 1915 இல் நாட்டின் உயர் நீதிமன்றமும் இதனை உறுதிப்படுத்தியது. 1922 இல் இவ்விதி பெருமளவு தளர்த்தப்பட்டது. 1924 ஆம் ஆண்டுச் சட்டம் பிரசைகளின் மனைவியரை ஒதுக்கீட்டுக்கு வெளியே வைத்தது. கணவருக்கு அதே சலுகையை அதே அளவில் அளிக்கவில்லை. கணவன், மனைவி என்ற இருவரையும் சமமாக நோக்கியது 1952 ஆம் ஆண்டுச் சட்டமே. ஆகவே, அமெரிக்கத் தொழிலாளிப் பெண்ணொருத்தி தன் பிரசாவுரிமையைக் கொண்டு கணவனுக்கு முழுமையாக வாழ்வளிக்கலாம் என்ற நிலை, மில்லர் இந்நாடகத்தை மேடையேற்றுவதற்கு மூன்றாண்டுகள் முன்னரே ஏற்பட்டது.

வாயில் திறந்த அதே வேளையில் வாயிற்காவலும் வலுப்பெற்றது. போர்வீரரின் வெளிநாட்டுத் துணைவரை அனுமதிக்கும் 1945 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பயன்படுத்தி, போலந்து அகதிகளைப் பாரிசில் நடந்த திருமணங்கள் வாயிலாக நாட்டினுட் கொண்டுவந்தவர்கள்மீதான தண்டனையை 1953 இல் உயர் நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. அத்திருமணங்கள் நடந்த நாட்டின் சட்டப்படி செல்லுமா செல்லாதா என்பது முக்கியமன்று. கணவனும் மனைவியுமாகக் கூடிவாழும் எண்ணம் இருந்ததா என்பதே கேள்வி என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு. இவ்வாறு, பதிவுப் பத்திரத்தைக் கடந்து மனத்தை விசாரிக்கும் அதிகாரத்தை அரசு தனதாக்கிக்கொண்டது.

4

மில்லரின் கலைச் சாதனை இந்த விசாரணையை அலுவலகத்தில் நிகழ்த்தாது வீட்டினுள் நிகழ்த்தியதாகும். ரொடோல்போ கதரினை விரும்பவில்லை, பிரசாவுரிமையை விரும்புகிறான் என்ற ஐயத்தை முதலிற் கூறுபவன் அதிகாரியல்லன், எடியே கூறுகிறான். துறைமுகத்தில் உழைத்து அவளை வளர்த்த அவனுடைய வாயில் அரசின் ஐயம் தந்தையின் அக்கறையாக உருமாறி வெளிப்படுகின்றது. எடி தன் ஆசையைத் தானே அறியாதவன். அந்த ஆசைக்கு மரியாதையான ஒரு மொழி வேண்டியிருந்தது. குடிவரவுச் சட்டம் அம்மொழியை ஆயத்தமாக வைத்திருந்தது. உளவியல் விமர்சகர் தவறவிடும் இணைப்பு இதுவேயாகும்.

இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்திற் கதரின் ரொடோல்போவிடம் ஒரு கேள்வி கேட்கிறாள். நாம் இத்தாலியிற் சென்று வாழ்வதாயின் என்னை மணப்பாயா என்பது அக்கேள்வியின் சாரம். எடி விதைத்த ஐயம் இப்போது காதலியின் நாவிலிருந்து எழுகின்றது. மரபார்ந்த காதற் கதையில் இதற்கு ஒரே விடைதான் உண்டு: எங்காயினும் உன்னோடு வாழ்வேன் என்பது. ரொடோல்போ அவ்விடையைக் கூறவில்லை. வேலையில்லாத ஊருக்கு மனைவியை அழைத்துச் செல்வது பைத்தியக்காரத்தனம் என்கிறான். தான் அமெரிக்கனாக விரும்புவது வேலைக்காக என்பதை ஒளிக்காமற் கூறுகிறான். அதே வேளை, ஒரு பத்திரத்துக்காக விருப்பமில்லாத பெண்ணொருத்தியை வாழ்நாள் முழுதும் சுமக்கத் தான் ஆயத்தமில்லை என்றும் சினந்து கூறுகிறான்.

நாடகத்தின் மிக உயர்ந்த தருணம் இதுவென்பது எமது கருத்து. காதலா, பத்திரமா என்ற வினாவையே ரொடோல்போ நிராகரிக்கிறான். உழைத்துண்ணும் ஒருவனுக்குக் காதலையும் சோற்றையும் வெவ்வேறு தட்டுகளில் இட்டு நிறுக்க இயலாது. சட்டமோ இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும்படி கேட்கின்றது. ரொடோல்போ கதரினுக்கு அளித்த நேர்மையான விடையை ஓர் அதிகாரியின் முன் அளித்திருப்பானாயின், அந்நேர்மையே அவனுக்கெதிரான சாட்சியாகியிருக்கக்கூடும்.

ஏங்கெல்ஸ் 1884 இல் வெளியிட்ட, குடும்பத்தினதும் தனிச்சொத்தினதும் அரசினதும் தோற்றம் பற்றிய நூலில், சொத்துடைய வர்க்கங்களிடையே திருமணத்தைத் தீர்மானிப்பது சொத்து நலனே என்றும், சொத்தற்ற பாட்டாளி வர்க்கத்தில் அந்நலன் நீங்குவதால் உண்மையான காதலுக்கு அங்கு இடமுண்டு என்றும் வாதிட்டார். அவர் நூலெழுதிய காலத்திற் கடவுச்சீட்டும் ஒதுக்கீடும் உலகத் தொழிலாளரை இன்றுபோற் கூறுபோடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் அரசு பாட்டாளி வர்க்கத்துக்குள்ளேயே ஒரு புதிய சொத்தைத் தோற்றுவித்தது. பிறந்த இடத்தால் மட்டும் கிடைக்கும் பிரசாவுரிமை என்பதே அச்சொத்து. பெற்றோரை இழந்து, ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டில் வளர்ந்த கதரினிடம் வேறொன்றும் இல்லை. இச்சொத்து மட்டும் உண்டு. நம்மவர்க்கு விளங்கும் மொழியிற் கூறுவதாயின், அவளது பிரசாவுரிமை அவளுடைய சீதனமாகிவிடுகின்றது. சீதனத்தை நோக்கி வந்தவன் என்ற பழி ரொடோல்போமீது விழுகின்றது. ஆனால் அதனைச் சீதனமாக்கியவன் ரொடோல்போ அல்லன்.

5

இதே பொருளை எடுத்தாண்ட இரு திரைப்படங்களை இவ்விடத்தில் ஒப்புநோக்குதல் பயன்தரும். மிச்செல் லைசன் நெறிப்படுத்திய 'விடியலைத் தடுத்து நிறுத்து' 1941 இல் வெளிவந்தது. ஒதுக்கீட்டு வரிசையில் ஆண்டுக் கணக்கிற் காத்திருக்கவேண்டிய ருமேனியன் ஒருவன், மெக்சிக்கோ எல்லையில், ஓர் அமெரிக்கப் பள்ளி ஆசிரியையை ஏமாற்றி மணக்கிறான். பின்னர் உண்மையாகவே அவளிடம் மனம் கொள்கிறான். பீற்றர் வெயரின் 'கிரீன் கார்ட்' 1990 இல் வெளிவந்தது. வேலை செய்யும் உரிமைக்காக ஒரு பிரெஞ்சுக்காரனும், மணமானோருக்கே வாடகைக்குத் தரப்படும் தோட்டத்துடன்கூடிய ஒரு வீட்டுக்காக ஓர் அமெரிக்கப் பெண்ணும் பெயரளவில் மணம் செய்கின்றனர். அதிகாரிகளின் நேர்முக விசாரணைக்காக ஒருவர் மற்றவரின் பழக்கவழக்கங்களை மனனம் செய்யும்போது காதல் பிறக்கின்றது. விசாரணையில் வெளிப்பட்ட பொய்யினால் அவன் நாட்டைவிட்டு அனுப்பப்படுகிறான்.

இப்படங்கள் அதிகாரியைவிடக் காதலர்மீதே நமது பரிவைத் திருப்புகின்றன என்பது உண்மை. எனினும் சட்டத்தின் அடிப்படைக் கருத்துநிலையை இரண்டும் ஏற்றுக்கொண்டுவிடுகின்றன. நலன் கருதிய திருமணம் களங்கம்; அது தூய காதலாக மாறினாற் களங்கம் நீங்கும் என்பதே இரண்டினதும் தர்க்கம். பிந்திய படத்தில் ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. அங்கு இருவருமே நலன் கருதித்தான் மணந்தனர். வீட்டுக்காக மணந்த பிரசை நாட்டிலேயே இருக்கிறாள். வேலைக்காக மணந்த அந்நியன் வெளியேற்றப்படுகிறான். ஒரே செயலில் ஒருவருக்கு மட்டும் தண்டனை என்ற இவ்வுண்மை படத்தினுள்ளே கிடக்கின்றது. ஆனாற் படம் அதனைக் காணவில்லை. காதற் கதையின் இனிமை அதனை மூடிவிடுகின்றது. மில்லரின் ரொடோல்போ இத்தூய்மைச் சடங்குக்கு உடன்படாதவன் என்பதிலேயே நாடகத்தின் மேன்மை தங்கியுள்ளது.

6

ஆயின், மில்லரும் இப்பார்வையை இறுதிவரை கொண்டு செல்லவில்லை. அதற்கான சான்று மார்க்கோ. திருமணத்தைப் போற்றுவதே சட்டத்தின் நோக்கமாயின், அதன் பாதுகாப்புக்கு நாடகத்தில் மிகவும் உரியவன் அவனே. மனைவி பிள்ளைகளின் பசியைத் தணிக்கவே அவன் கடல் கடந்தான். ஆனால் அவனுடைய திருமணம் எல்லைக்கு அப்பால் நடந்தது. அவன் மனைவியிடம் சீதனமாகக் கொடுக்கப் பிரசாவுரிமை இல்லை. எனவே இன்னும் மணமாகாத தம்பிக்குத் திருமணம் வாயிலாகின்றது. மணமான அண்ணனுக்கு அதே திருமணம் பயனற்றதாகின்றது. சட்டம் காப்பது திருமணத்தையன்று, பிரசையின் உரிமையையே என்பதை இவ்விரு சகோதரரையும் அருகருகே நிறுத்தி நாடகம் காட்டிவிடுகின்றது. அதன்பின் நாடகம் இதனைத் தொடர்ந்து சிந்திக்கவில்லை. மார்க்கோவின் கோபம் சட்டத்தை நோக்கித் திரும்பாது எடியின் மார்பை நோக்கித் திரும்புகின்றது. கதையுரைக்கும் சட்டத்தரணி அல்பியெரி நிகழ்ந்ததையெல்லாம் தடுக்கவியலாத விதியாகவும் சிசிலிய மானமரபின் எச்சமாகவும் காட்டுகிறான். கிரேக்க அவலநாடகத்தின் கூட்டிசையோரை ஒத்த இப்பாத்திரம், மனிதர் இயற்றிய சட்டமொன்றை ஊழின் இடத்தில் அமர்த்திவிடுகின்றது.

இதற்குரிய காரணத்தை மில்லரின் காலச் சூழலிற் காணலாம். றெட் ஹூக் துறைமுகத் தொழிலாளர் பற்றி அவர் எழுதிய 'கொக்கி' என்னும் திரைக்கதை, வில்லன்களைக் கம்யூனிஸ்டுகளாக மாற்றும்படி எழுந்த வற்புறுத்தலால் 1951 இற் கைவிடப்பட்டது. 1952 இல் அவரது நண்பரும் நெறியாளருமான எலியா கஸான் காங்கிரசின் விசாரணைக் குழுமுன் முன்னாள் தோழர்களின் பெயர்களைக் கூறினார். 1954 இல் மில்லருக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. 1956 இல் அவரும் அதே குழுமுன் அழைக்கப்பட்டு, பெயர் கூற மறுத்தமையால் மறு ஆண்டு குற்றவாளியாகக் காணப்பட்டார். 1958 இல் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. இச்சூழலில், காட்டிக்கொடுப்போன் யார் என்ற கேள்வி முற்போக்கு எழுத்தாளர் ஒருவரின் மனத்தை முழுமையாக ஆட்கொண்டது வியப்பன்று. ஆனால் அதன் விளைவாக, காட்டிக்கொடுப்பதற்கு ஒரு தொலைபேசி எண்ணை வைத்திருந்த அரசு நாடகத்திற் குற்றக்கூண்டில் ஏறாமலே தப்பிவிட்டது.

7

மில்லர் ரொடோல்போவுக்குத் திறந்து வைத்த வாயில் பின்னர் என்னவாயிற்று என்பதைக் காணாது இவ்வாய்வு முழுமையடையாது. 1986 ஆம் ஆண்டுச் சட்டம், மணமாகி ஈராண்டு நிறைவுறாத அந்நியத் துணைவருக்கு நிபந்தனையுடன்கூடிய ஈராண்டு வதிவுரிமையையே அளித்தது. காதல் தொடர்கின்றதென்று இருவரும் மீண்டும் நிறுவவேண்டியதாயிற்று. இவ்விதி பிரசையான துணைவரின் கையில் எத்தகைய அதிகாரத்தைக் கொடுத்ததென்பதற்கு, வதைக்கப்படும் துணைவருக்கு 1990 இலும் 1994 இலும் தனியான பாதுகாப்புகள் இயற்றவேண்டி வந்தமையே சான்று. 1996 ஆம் ஆண்டுச் சட்டம் வாயிலை மேலும் ஒடுக்கியது. முறையான அனுமதியின்றி நுழைந்தவர், பிரசையை மணந்தாலும், பொதுவாக நாட்டைவிட்டு வெளியேறி அமெரிக்கத் தூதரகமொன்றிலேயே விசா பெறவேண்டும். கப்பற் பணியாளராக வந்திறங்கியோரின் நிலையும் அத்தகையதே. ஓராண்டுக்கு மேல் ஆவணமின்றி வாழ்ந்தவர் வெளியேறிய கணத்திற் பத்தாண்டுத் தடைக்கு ஆளாவார். அதாவது, சட்டபூர்வமாவதற்குச் செய்யவேண்டிய செயலே தண்டனையைக் கொண்டுவருகின்றது. இன்றைய ரொடோல்போ கதரினை மணந்தபின் சிசிலிக்குத் திரும்பி இப்பத்தாண்டை எதிர்கொள்ளவேண்டியவனே.

இத்தடையினின்றும் விலக்குப் பெற, பிரசையான துணைவருக்கு 'அளவுகடந்த துன்பம்' நேருமென்று நிறுவவேண்டும். பிள்ளைகள் படும் துன்பம் தனித்துக் கணக்கில் எடுக்கப்படமாட்டாது. பிரிவினால் வழமையாக விளையும் துயரமும் வருமான இழப்பும் மட்டும் போதா. 2013 முதல் இவ்விலக்கை நாட்டைவிட்டுச் செல்லுமுன்னரே கோருவதற்கு வழி செய்யப்பட்டது. ஆயின் நிறுவவேண்டிய பொருள் மாறவில்லை.

இலக்கிய மாணவர் கருத்தூன்றவேண்டிய இடம் இது. சத்தியக் கடதாசிகள், கடிதங்கள், திருமணப் புகைப்படங்கள், கூட்டு வங்கிக் கணக்குகள், மருத்துவச் சான்றுகள் ஆகியவற்றாலான ஒரு புதிய எழுத்து வடிவத்தை அரசு தோற்றுவித்துள்ளது. எழுதும் பழக்கமற்ற உழைக்கும் மக்கள் தமது படுக்கையறையையும் நோயையும் மனமுறிவையும் அறிமுகமற்ற ஒரே வாசகனுக்கு எழுதிக் கொடுக்கின்றனர். அவ்வாசகனின் தீர்ப்பிலே குடும்பம் சேர்வதும் பிரிவதும் தங்கியுள்ளன. நமது அகத்திணை மரபு பிரிவுத் துயரைப் பாலை எனப் பொதுமையாக்கிப் பாடியது. அகப்பாடலிற் காதலரின் பெயரைச் சுட்டக்கூடாதென்றும் விதித்தது. இங்கோ பிரிவுத் துயர் பெயரும் விலாசமும் திகதியும் இட்டு, மற்றவர் துயரினும் மிகுந்ததென்று நிறுவப்படவேண்டும். எல்லோர்க்கும் பொதுவான துயரம் இங்கு தகுதியற்றது.

2024 ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள் இப்போக்கை உறுதிப்படுத்தின. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், முனோஸ் வழக்கில், அந்நியத் துணைவரை நாட்டினுள் அனுமதிக்கச் செய்யும் அடிப்படை உரிமை எதுவும் பிரசைக்கு இல்லையென்று உயர் நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அதே மாதத்தில், பத்தாண்டுகளுக்கு மேலாக நாட்டில் வாழும் ஆவணமற்ற துணைவர் வெளியேறாமலே விண்ணப்பிக்க வழிசெய்யும் திட்டமொன்றை அரசாங்கம் அறிவித்தது. ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் இதனாற் பயனடையலாமென்பது அரசாங்கத்தின் மதிப்பீடு. ஆகஸ்டில் விண்ணப்பங்கள் ஏற்கப்பட்ட சில நாட்களிலேயே டெக்சாசிலுள்ள சமஷ்டி நீதிமன்றமொன்று அதனை இடைநிறுத்தியது. நவம்பர் 7 ஆம் திகதி திட்டம் சட்டத்துக்கு முரணானதெனத் தீர்ப்பாயிற்று. அத்தீர்ப்பு வரை, பிரசையின் திருமண உரிமையாவது காப்பாற்றப்படும் என்று மார்க்கோவின் கதையை வைத்து நாம் கூறியிருக்கலாம். இப்போது கதரினும் அவ்வுரிமையை இழந்து நிற்கிறாள்.

எனவே, இந்நாடகத்தை இன்று வாசிப்போரும் நடிப்போரும் எடியின் துரோகத்தோடு நின்றுவிடுதல் போதாது. அவன் எவருக்குத் தொலைபேசியிற் பேசினானோ அவர்களையும் மேடையின் ஒளியிற் கொண்டுவருதல் வேண்டும். ஆவணமற்ற ஒருவரின் திருமணத்தைப் பற்றி, இது மெய்யான காதலா என்று வாசகரும் கேட்கத் தலைப்படுவராயின், அவர்கள் அறியாமலே அதிகாரியின் ஆசனத்தில் அமர்ந்துவிடுகின்றனர். வேலையும் உறைவிடமும் பிறப்பிடத்தைக் கொண்டு பங்கிடப்படும்வரை எந்த ஏழையின் காதலும் நலன் கலவாததாக இருக்கமுடியாது. அது அக்காதலின் குற்றமுமன்று. இதனை முதலில் ஏற்றுக்கொண்டே ரொடோல்போவின் விடையை மதிப்பிடத் தொடங்குதல் முற்போக்கு விமர்சனத்துக்குத் தகும்.